டொக்டர் பட்டம் வாங்கின பிள்ளைக்கு நாட்டில் ஒரு கதிரை இல்லை

 

நீளமான பதிவு. இப்போது நேரமில்லை என்றால் சேமித்து வைத்துவிட்டுப் போயா லீவில் வாசியுங்கள். வாசிக்காமல் "அருமை சேர்" என்று மட்டும் கமெண்ட் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போன கிழமை பாடசாலை விட்டதும் பஜாரில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றோம். கடையில் இருந்த பெரியவர் ஒருவர், எங்களை மதிக்கிற நல்ல மனிதர், கேட்டார்: "சேர், நம்ம நானாட மகள் இன்னமும் படிக்கிறாவாமே? வயசு முப்பத்திரண்டு ஆகுது. முடியிற படிப்பே இல்லையா அது?" கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து, தேத்தண்ணிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர்கள் நாங்கள். அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறோம். (நாங்கள் என்றால் ஆசிரியர் அறையில் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிற நாலைந்து பேர். எழுதுவது ஒருவர், கோபம் எல்லோருடையது.)

அந்தப் பிள்ளை படித்து முடித்துவிட்டார். கலாநிதிப் பட்டம் வாங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவர் செய்வது வேலை. அந்த வேலைக்கு உலகம் முழுக்க போஸ்ட்டொக் என்று பெயர். கலாநிதிப் பட்டத்துக்கும் சொந்தமாக ஓர் ஆய்வுகூடத்தை நடத்துவதற்கும் இடையில் ஒரு ஆராய்ச்சியாளர் கழிக்கிற மூன்று, நான்கு வருடங்கள் அவை. எம்.பி.பி.எஸ். முடித்த டொக்டர் உடனே சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்குவதில்லையே. ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்கிறார். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. அந்த டொக்டரைப் பார்த்து "இன்னும் படிக்கிறாரா" என்று யாரும் சிரிப்பதில்லை. உயிர் மருத்துவ விஞ்ஞானத்தில், அதாவது நோய் ஏன் வருகிறது, உடம்புக்குள் என்ன நடக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தேடுகிற துறையில், போஸ்ட்டொக் அப்படியான ஒரு படி. பெரிய கண்டுபிடிப்புகளுக்கான கைவேலை அதிகமாக நடப்பதும் அந்தப் படியில்தான். பேராசிரியர் கூட்டத்தில் இருப்பார். மாணவர் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருப்பார். இரவு பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்தில் நிற்பது போஸ்ட்டொக்.

அந்தப் படி நம் நாட்டில் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தோம்.

பிள்ளையின் கதையை அனுமதியோடு சொல்கிறோம். பெயர், பல்கலைக்கழகம் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. வாப்பாவுக்குச் சில்லறைக் கடை. சாதாரண தரம் வரைக்கும் எங்கள் பாடசாலை. உயர்தரத்துக்கு வெளியூர், ஏனென்றால் இந்தப் பக்கம் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிற பாடசாலைகளை எண்ணக் கைவிரல் போதும். பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டம். பிறகு புலமைப்பரிசிலில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, முடித்த கையோடு அவர் திரும்பி வந்தார். அங்கேயே இருக்கச் சொல்லியும் வந்தார். "எங்கட ஆக்கள்ட ரத்தத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரியணும் சேர்" என்று எங்களிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

வந்தவருக்குக் கிடைத்த பதில் என்ன? விரிவுரையாளர் கேடர் இப்போது இல்லை, விளம்பரம் வரும்போது போடுங்கள். அதுவரைக்கும்? மணித்தியாலக் கணக்கில் வருகை விரிவுரை எடுக்கலாம். ஆராய்ச்சி? ஆய்வுகூடத்துக்கு வந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டோம், சம்பளம் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இரண்டு தவணை அப்படி ஓடியது. பூண்டுலோயாவில் இருந்து விடியக்காலை பஸ் ஏறி, மத்தியானம் இரண்டு மணித்தியாலம் படிப்பித்து, பின்னேரம் கூலி இல்லாத ஆராய்ச்சி செய்து, வாடகை அறைக்கு வாப்பாவிடம் காசு வாங்கி. கலாநிதிப் பட்டம் வாங்கிய பெண் முப்பது வயதில் வாப்பாவிடம் பஸ் காசு கேட்கிறார். பிறகு திரும்பவும் வெளிநாடு போய்விட்டார். பஜாரில் நாம் சிரித்தது இந்தப் பிள்ளையைத்தான்.

இது ஒரு நிர்வாகியின் கெட்ட மனத்தால் நடந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. அப்படி இருந்தால் இலகு, அவரை மாற்றினால் போதும். அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்யும் உரிமை விரிவுரையாளர் பதவியோடு ஒட்டியிருக்கிறது. நல்ல பட்டத்தோடு இளவயதில் விரிவுரையாளராக உள்ளே போய்விட்டால், பிறகு சம்பளத்தோடு மேற்படிப்பு லீவு, பிணை ஒப்பந்தம், ஏழு வருட சேவைக்குப் பிறகு சபட்டிக்கல் லீவு என்று ஒவ்வொரு கதவாகத் திறக்கும். அவர்கள் வெளிநாட்டில் போஸ்ட்டொக் அனுபவம் பெறுவதும் பெரும்பாலும் அந்த லீவுகளில்தான். உள்ளே போகாதவருக்குக் கதவே இல்லை. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை கொடுக்கும் திட்டப் பணத்தில் ஆய்வு உதவியாளர்களை எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் ஆளும் முடிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போஸ்ட்டொக் என்று பெயர் போட்டு ஆள் எடுப்பதும் உண்டு. அதுவும் ஒரு பேராசிரியர் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பணமாக இருக்கும். பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில், தன் கேடரில், இத்தனை போஸ்ட்டொக் இடங்கள் என்று வைத்து நடத்துவதில்லை.

இதில் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். உறவுகளே, இதுதான் எங்களுக்கு எரிகிற இடம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. அந்தக் கணக்குப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம். ஆனாலும் மேட்டில் இருக்கிற பிள்ளைக்கும் பள்ளத்தில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே ஏணி சரிவராது என்று 18 வயதில் அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. 30 வயதில் அதே பிள்ளையிடம், "இரண்டு மூன்று வருடம் சம்பளமில்லாமல் காத்திரு" என்கிறது. கொழும்பு ஏழில் வீடு இருக்கிறவர் காத்திருப்பார். அப்பா பேராசிரியராக இருக்கிறவர் காத்திருப்பார். லயத்தில் இருந்து போன பிள்ளை காத்திருக்க முடியுமா? தம்பி உயர்தரம் படிக்கிறான், அம்மாவுக்கு முழங்கால் வலி, இனிக் கொழுந்தெடுக்க முடியாது. அந்தப் பிள்ளை மருந்துக் கம்பனியில் விற்பனைப் பிரதிநிதியாகப் போவான், அல்லது எங்களைப் போல ஆசிரியராக வருவான். ஆசிரியத் தொழிலைக் குறைவாகச் சொல்லவில்லை. ஒரு நோயின் மூலத்தைத் தேடக்கூடிய மூளையை எட்டாம் வகுப்பு வரவு இடாப்புக்குக் கீழே வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்கிறோம். எங்கள் ஆசிரியர் அறையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் இதை வாசித்துக் கோபிப்பார்.

"ஏன் சேர், நம்ம பிள்ளைகள் ஆராய்ச்சி செய்தால் என்ன, வேறு யாரும் செய்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். தலவாக்கலையில் இருக்கிற சென் கூம்ஸ் தோட்டம் எல்லோருக்கும் தெரியும். அங்கே இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. ஏற்றுமதியாகும் தேயிலையில் அறவிடும் செஸ் வரிப் பணத்தில் வளர்ந்த நிலையம். 1946இல் கொப்புள நோய் தேயிலைச் செடிக்கு வந்தபோது, அதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தோடு தயாராக இருந்தார்கள். டீ.ஆர்.ஐ. 2025 என்றால் எந்தச் செடி என்று டன்சினனிலும் சீனிலும் கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கே தெரியும். செடிக்கு நூறு வருடமாக ஆராய்ச்சியாளர் இருக்கிறார்கள், நல்லது, இருக்கட்டும். அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிற உடம்புக்கு?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 வீதம். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. காரணம் என்ன என்று கேட்டால் எல்லோரும் "வறுமை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். வறுமைதான், யார் இல்லை என்றது? ஆனால் வறுமை உடம்புக்குள் எந்த வழியால் போகிறது? தாயின் இரத்தச்சோகையா, கொழுக்கிப்புழுவா, திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டத்தால் குடல் சத்தை உறிஞ்சாமல் போவதா, குளிரா, லயத்து அடுப்புப் புகையா? எது எவ்வளவு? எதை முதலில் நிறுத்தினால் பிள்ளை வளரும்? ஒரே இடத்தில் மூன்று நான்கு வருடம் குந்தியிருந்து, தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து பார்க்கிற ஆள் இருந்தால்தான் இதற்கெல்லாம் பதில் வரும். விரிவுரை எடுத்து, வினாத்தாள் திருத்தி, குழுக்கூட்டம் போய் வருகிற பேராசிரியருக்கு அந்த நேரம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் சொன்னார்: "சேர், முந்தி ஒரு தரம் வந்து எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. என்னமோ படிவத்துல கையெழுத்து வாங்கினாங்க. ரிசல்ட் இன்னும் வரல." யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. படிவம் அவருக்குப் புரிகிற மொழியில் இருந்ததா என்றும் தெரியாது. அவருடைய பாஷை பேசுகிற, நாளைக்கும் அதே பஸ்ஸில் வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய ஒரு ஆய்வாளர் இரத்தம் எடுத்திருந்தால் ரிசல்ட் வந்திருக்கும்.

ஆராய்ச்சியாளரை நாட்டுக்குள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. கிரமக்சோன் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். புல்லுக்கு அடித்த மருந்து, எத்தனை வீட்டை அழித்தது என்றும் தெரியும். 1995இல் இந்த நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக மோசமானவற்றில் ஒன்றாக இருந்தது. அடுத்த இருபது வருடத்தில் அது சுமார் 70 வீதம் குறைந்தது. பெரிய காரணம், உயிரை அதிகம் குடித்த விவசாய இரசாயனங்களை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. எதைத் தடை செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? அனுராதபுரம், பொலன்னறுவை, பேராதனை போன்ற வைத்தியசாலைகளில் விஷத்தோடு வந்த ஒவ்வொருவரையும் பதிந்து, எந்த மருந்து கொல்கிறது என்று வருடக்கணக்காகக் கணக்கெடுத்தவர்கள் இருந்தார்கள். பேராதனையை மையமாகக் கொண்டு இயங்கிய அந்த ஆய்வுக் கூட்டமைப்பில் இளம் இலங்கை வைத்தியர்கள் பலர் ஆராய்ச்சியாளராக உருவானார்கள். கிரமக்சோனில் இருந்த பரக்குவட் 2008இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்தது யார்? பிரித்தானியாவின் வெல்கம் டிரஸ்ட், ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிதி. அவர்களுக்கு நன்றி சொல்கிறோம். நம் பிள்ளைகளைக் காப்பாற்றும் கணக்கை எடுப்பதற்கு லண்டன் காசு கொடுத்தது, கொழும்பு கொடுக்கவில்லை என்பதையும் சொல்கிறோம்.

இனிச் சொல்லப் போவதை எழுதுவோமா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. எழுதுவது என்று முடிவு செய்தோம்.

2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தது. நம் சமூகத்தில் 270க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. இருபது நாள் குழந்தை ஒன்றும் அதில் உண்டு. அந்த நாட்களில் இந்த ஊரில் தூங்காத வீடுகள் எது என்று எங்களுக்குத் தெரியும். 2021 பெப்ரவரி கடைசியில் அந்த விதி மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நீரைச் சோதித்த ஆய்வுகளைக் காட்டித்தான் அந்த மன்னிப்பும் வந்தது. அதாவது ஆய்வு செய்ய முடியும், செய்தார்கள், எரித்து முடித்த பிறகு.

ஒரு போஸ்ட்டொக் இருந்திருந்தால் அந்த வர்த்தமானி வந்திருக்காது என்று சொல்கிற அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை. அது அரசியல். உள்நாட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றும் சொல்ல மாட்டோம். சமூக மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கலாம் என்று கடைசியில் எழுத்தில் சொன்னார்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் "எங்கள் நாட்டு மண்ணில், எங்கள் நாட்டு நீரில் சோதித்துப் பார்த்தோம், இதோ முடிவு" என்று 2020 மே மாதத்தில் மேசையில் வைக்க ஒரு தாள் இருக்கவில்லை. யாரோ ஒரு நிபுணர் "இருக்கலாம்" என்று சொன்னால் அதுவே சட்டமானது. எதிர்த்துக் கேட்க எங்களிடம் கண்ணீரும் வெள்ளைத் துணியும்தான் இருந்தன.

அந்த நேரத்தில் இது நீரால் பரவும் நோயல்ல, இறந்த உடம்பில் வைரஸ் பெருகாது என்று வெளிப்படையாகச் சொன்ன உலகத் தர வைரஸ் விஞ்ஞானி ஒருவர் இருந்தார். பேராசிரியர் மலிக் பீரிஸ். கண்டியில் பிறந்தவர். பேராதனையில் மருத்துவம் படித்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டம் வாங்கிவிட்டு 1980களில் பேராதனைக்கே திரும்பி வந்து வைரஸ் ஆய்வுகூடம் ஒன்றைக் கட்டியெழுப்பியவர். 1980களின் முடிவில் வெளிநாடு போனார், 1995இல் ஹொங்கொங். 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணமான கொரோனா வைரஸை அடையாளம் கண்டது அவருடைய குழு. 2006இல் லண்டன் ரோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக எடுத்தது. பூண்டுலோயாவில் இருந்து இரண்டு மூன்று மணித்தியால பஸ் தூரத்தில் வேலை செய்த ஒருவர் நம் ஜனாஸாவுக்காக ஹொங்கொங்கில் இருந்து பேச வேண்டியிருந்தது. அவர் போனதை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் அதே இடத்தில் பத்துப் பேர் ஏன் உருவாகவில்லை என்று கேட்கிறோம்.

"நாட்டில் காசு இல்லை சேர்." வரும் என்று தெரியும், அதனால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு போஸ்ட்டொக்குக்கு மாதம் இரண்டு லட்சம் ரூபா என்று வையுங்கள். நாடு முழுக்க உயிர் மருத்துவத்தில் 50 பேர். வருடத்துக்கு 12 கோடி. இரசாயனத்துக்கும் கருவிக்கும் அதே அளவு. 24 கோடி. அதிவேகப் பாதையில் ஒரு கிலோமீற்றருக்குப் போகும் பணம் இதைவிடப் பல மடங்கு. இலங்கை ஆராய்ச்சிக்கென்று செலவிடுவது மொத்தத் தேசிய உற்பத்தியில் 0.1 வீதத்தைச் சுற்றித்தான் பல வருடமாக நிற்கிறது. இந்தியா 0.6 வீதத்துக்கு மேல், அதுவே போதாது என்று அங்கே சண்டை. இந்தியாவில் தேசிய அளவில் ஒரு போஸ்ட்டொக் நிதி உண்டு, இரண்டு வருடம். அதைவிட உயிர் மருத்துவத்துக்கென்றே இந்திய அரசும் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008இல் தொடங்கிய திட்டமும் உண்டு. 2012இல் விரிவுரையாளர்கள் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்று மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்களும் கைதட்டினோம். அந்த 6 வீதத்துக்குள் விரிவுரையாளர் ஆகாத ஆராய்ச்சியாளருக்கு எத்தனை சதம் என்று அன்று நாங்களும் கேட்கவில்லை.

ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்பவர்களுக்கு: பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே ஜீவனி பக்கெற் கரைத்துக் கொடுக்கிறோமே, அது எங்கே நிரூபிக்கப்பட்டது தெரியுமா? 1968இல் டாக்காவில் இருந்த கொலரா ஆய்வுகூடத்தில். வாயால் குடிக்கிற உப்புச் சீனித் தண்ணீர் கொலரா நோயாளியைக் காப்பாற்றும் என்று காட்டிய டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும் அப்போது முப்பது வயதைத் தொடாதவர்கள். பேராசிரியர்கள் இல்லை. ஒரு நிறுவனம் கட்டிலும் சம்பளமும் நேரமும் கொடுத்து, "இதை மட்டும் பார்" என்று விட்ட இளைஞர்கள். டாக்கா அன்று பணக்கார ஊராக இருக்கவில்லை.

உதவி இல்லாவிட்டால் வெள்ளைக்காரனுக்கும் இதே கதைதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டொக் முடித்து ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அரசாங்க ஆய்வுகூடம் ஒன்று இடம் கொடுத்தது. 2009இல் நோபல் பரிசு. ஹங்கேரியில் கத்தலின் கரிக்கோ வேலை செய்த நிறுவனத்தில் 1985இல் காசு முடிந்தது. அமெரிக்காவில் ஒரு போஸ்ட்டொக் இடம் கிடைத்திருக்காவிட்டால் அவருடைய ஆராய்ச்சி அன்றோடு நின்றிருக்கும். நமக்கு மூன்றாவது ஊசியாகப் போட்ட பைசர் ஞாபகம் இருக்கிறதா? அதன் வேர் அவருடைய வேலையில் இருக்கிறது.

அதற்காக வெளிநாட்டுப் போஸ்ட்டொக் முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கேயும் பிழிகிறார்கள். 2022இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டொக்குகள் உட்பட 48,000 பேர் வேலைநிறுத்தத்துக்கு இறங்கியது சும்மா இல்லை. ஒரு பேராசிரியரின் கருணையில் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து, பத்து வருடம் ஓட்டுகிற வேலை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது பல்கலைக்கழகமே பொறுப்பெடுக்கிற இடம். மூன்று வருடத்துக்குக் குறையாத ஒப்பந்தம், விரிவுரையாளருக்குக் கிட்டிய சம்பளம், ஊழியர் சேமலாப நிதி. பெண்ணாக இருந்தால் அரச ஊழியருக்கு இருக்கிற அதே பிரசவ லீவு. கலாநிதிப் பட்டம் முடிகிற வயதும் பிள்ளை பெறுகிற வயதும் ஒன்றுதான் என்பது பேரவையில் இருக்கிற ஐயாமாருக்கு மறந்து போகிறது. அதோடு சொந்தப் பெயரில் சிறு தொகை ஆராய்ச்சிப் பணம், இரண்டாம் வருடத்தில் "அடுத்தது என்ன" என்று உட்கார்ந்து பேச ஒரு பொறுப்பாளர். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டுப் போட்டபோது மறை 80 பாகையில் வைத்திருக்க வேண்டிய மாதிரிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜெனரேற்றருக்கு டீசல் யார் பொறுப்பு என்பதும் ஆராய்ச்சியாளருக்குச் செய்கிற உதவிதான்.

பின்தங்கிய மாவட்டக் கணக்கு இந்தப் படியிலும் வேண்டும். மலையகத்தில் ஆய்வு செய்ய, தமிழிலும் சிங்களத்திலும் மக்களிடம் பேசக்கூடியவருக்கு, பேராதனையில் மட்டும் ஐந்து இடம். அதில் இருந்து தொடங்கலாம்.

இப்போது நம் பக்கம். மீலாத் மேடையில் இப்னு சீனா, இப்னு சீனா என்று மைக் உடைகிற மாதிரிப் பேசுகிறோம். புகாராவில் அரச நூலகத்தை அந்த இளைஞனுக்குத் திறந்துவிட்டவர் ஒரு ஆட்சியாளர். ஹமதானில் அவருக்குப் பதவி கொடுத்தவரும் ஒரு ஆட்சியாளர்தான். அந்தப் பகுதியை மட்டும் யாரும் பேசுவதில்லை. நம் சமூகத்தில் ஸகாத் பணத்தில் முதல் வருட மருத்துவ மாணவருக்கு மடிகணினி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறோம், நல்ல விஷயம். கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்த பெண் ஒன்றரை வருடம் நம் கண் முன்னால் பஸ்ஸில் போய் வந்தார். அவருக்கு ஒரு வாடகை அறைக் காசு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. "எப்ப கல்யாணம்" என்று மட்டும் எல்லோரும் கேட்டோம். தோட்டத்துச் சகோதரர்களும் கோபிக்க வேண்டாம். மலையகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று எத்தனை தேர்தலாகக் கேட்கிறோம். கட்டடம் எங்கே, துணைவேந்தர் யார் என்றுதான் சண்டை வருகிறது. உள்ளே யார் எதைத் தேடப் போகிறார்கள் என்று ஒரு மேடையிலும் கேள்வி வரவில்லை.

போன ஞாயிறு இரவு பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் பேசினோம். இந்தப் பதிவை அனுப்பிச் சரி பார்க்கச் சொன்னோம். இரண்டு இடத்தில் திருத்தினார். கடைசியில் கேட்டோம், இங்கே மூன்று வருடத்துக்கு ஒரு இடம் வந்தால் வருவீர்களா மகள் என்று. உடனே பதில் வரவில்லை. பிறகு, "ஒப்பந்தத்த எழுத்துல காட்டச் சொல்லுங்க சேர்" என்றார்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும், பேராதனைப் பல்கலைக்கழகப் பேரவைக்கும், நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் மூன்று மொழியிலும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். சிங்களப் பிரதியைத் திருத்தித் தந்தது எங்கள் பாடசாலைச் சிங்கள ஆசிரியை. பிரதிகள் பாடசாலை வாசலுக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும், ஞாயிறு காலை கோயில் பக்கத்திலும் மேசை போட்டு இருப்போம். அடையாள அட்டை இலக்கம் வேண்டும், கொண்டு வாருங்கள். அன்று கடையில் கேள்வி கேட்ட பெரியவர்தான் முதலாவது கையெழுத்து, நேற்றே போட்டுவிட்டார்.